கிளிப் போட்ட பக்கம்

ஜூன் 12, புதன்

பாப்பாவுக்கு,

போனில் கேட்டால் நீ அழுவாய், நான் கத்துவேன், நடுவில் உன் அண்ணன் போனைப் பிடுங்கி "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டு விஷயத்தையே முடித்துவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன். நீயும் எழுதியே பதில் சொல்.

நம் சபை ஆர்கன்காரரின் மனைவி நேற்றுக் கூப்பிட்டாள். "உங்க நாத்தனார் போன ஞாயித்துக்கிழமை பிச்சு ஒதறிட்டாங்க. மொதல்ல சபையே சிரிச்சுது, அப்புறம் சபையே கண்ணைத் தொடச்சுது" என்றாள். பத்தொன்பது வருடம் அதே இடத்தில் நின்று பேசியிருக்கிறேன். நான் பிய்த்து உதறியதாக அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. "நல்லா இருந்துச்சு" என்பாள், அதுவும் குடையைத் தேடிக்கொண்டே.

உன்னிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. உன் அண்ணனுக்கு மாற்றல் வந்தபோது, வருடம் முழுவதற்குமான தியானப் பேச்சை ஐம்பத்திரண்டு அட்டைகளில் எழுதி, ஞாயிறு வாரியாக எண் போட்டு, பிஸ்கட் டின்னில் அடுக்கி உன்னிடம் கொடுத்தேன். ஆராதனை தொடங்கும் முன் இரண்டு நிமிடம். அட்டையை எடுக்க வேண்டும், படிக்க வேண்டும், உட்கார வேண்டும். "நான் திரும்பி வர்ற வரைக்கும் என் அட்டை பேசும் ஐயா" என்று ஆயரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

இருபத்து மூன்றாம் அட்டையில் சிரிக்க ஒன்றும் கிடையாது. அதற்கு என்ன ஆயிற்று?

அண்ணி


ஜூன் 18, செவ்வாய்

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் கோபமாக எழுதினாலும் உங்கள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது. எனக்கு அது வராது, மன்னிக்கவும்.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். உங்கள் அட்டைகளில் படிக்க வேண்டியது நீல மையில் இருக்கும், நீங்கள் செய்ய வேண்டியது சிவப்பு மையில் இருக்கும். முதல் ஐந்து வாரமும் சிவப்பைத் தாண்டித் தாண்டி ஒழுங்காகத்தான் படித்தேன். ஆறாவது வாரம், கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற நான், என் கண்ணாடியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். சிரிக்காதீர்கள். சரி, நீங்கள் எங்கே சிரிக்கப் போகிறீர்கள்.

அட்டையைக் கை நீளத்துக்குப் பிடித்துக்கொண்டு படித்தேன். சிவப்பும் தெரியவில்லை, நீலமும் தெரியவில்லை. எல்லாம் கறுப்பு. "குருடனைக் கர்த்தர் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துப்போனார்" என்று படித்து, அதே மூச்சில் "இங்கே நிறுத்து. கண்ணாடியைக் கழற்று. ஐந்து எண்ணு" என்றும் படித்துவிட்டேன். முன் வரிசையில் மூன்று பேர் நிஜமாகவே கண்ணாடியைக் கழற்றினார்கள். ஆயரும் கழற்றினார். ஒருவர் எண்ணவும் ஆரம்பித்துவிட்டார்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "மன்னிக்கணும், அது எங்க அண்ணி தனக்காக எழுதி வெச்ச குறிப்பு" என்று உளறினேன். அப்போதுதான் சிரித்தார்கள். அதற்கு மேல் அட்டையைப் படிக்க முடியவில்லை. சும்மா நிற்கவும் முடியவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"எங்க கடையில ஒவ்வொரு லென்ஸா மாத்திப் போட்டு, இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கான்னு கேப்போம். பாதிப் பேர் சங்கடப்பட்டுக்கிட்டு, தெரியுது தெரியுதுன்னு சொல்லிட்டு, வீட்டுக்குப் போயி படியில தடுக்கி விழுவாங்க. இந்தக் குருடன் அப்படிச் சொல்லல. கர்த்தரே தொட்டு, ஏதாவது தெரியுதான்னு கேட்டப்ப, மனுஷங்க நடக்கற மரம் மாதிரி இருக்காங்கன்னு உள்ளதைச் சொன்னான். அதனாலதான் ரெண்டாவது தடவையும் அந்தக் கை அவன் மேல பட்டுது" என்றேன். அவ்வளவுதான் அண்ணி. ஒன்றரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

நான் வேண்டுமென்று செய்யவில்லை.

பாப்பா


ஜூன் 25, செவ்வாய்

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தில் பதினோரு பிழை. சிவப்பு மையில் திருத்தி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அச்சகத்தில் இருபது வருடம் பிழை திருத்தியவளுக்குக் கை சும்மா இருக்காது.

உனக்குப் பெயர் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தடவை எழுதி மூன்று தடவை அடித்தேன். பொய்யும் பிழைதானே. எனக்குச் சந்தோஷம் இல்லை. உன் குருடன் பேச்சைப் படித்தபோது, இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அதே வசனத்துக்கு நான் மூன்று வாரம் உட்கார்ந்து, நாலு புத்தகம் புரட்டி எழுதினேன். நீ கடையில் நிற்பதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாய்.

நீ பேசியதைக்கூட விட்டுவிடலாம். "எங்க அண்ணி தனக்காக எழுதி வெச்ச குறிப்பு" என்று சொன்னாய் பார், அதை எப்படி விடுவது? ஒவ்வொரு முறையும் நான் கண்ணாடியைக் கழற்றும்போது மனம் நெகிழ்ந்து கழற்றுகிறேன் என்றுதானே அத்தனை பேரும் நினைத்திருந்தார்கள்? இனி நான் அங்கே நின்று கண்ணைத் துடைத்தால், பின் வரிசையில் யாராவது ஐந்து எண்ணுவார்கள்.

இங்கே சபையில் என்னை யாருக்கும் தெரியாது. வாசலில் நின்று பாட்டுப் புத்தகம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். தியானம் சொல்வது ஒரு பல் வைத்தியர். போனைப் பார்த்துப் படிக்கிறார். நாலு நிமிடம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

இனி கண்ணாடியை மறக்காதே. அட்டையை மட்டும் படி.

அண்ணி


ஜூலை 3, புதன்

அன்புள்ள அண்ணிக்கு,

திருத்தம் வந்தது. "சங்கடம்" என்பதை இத்தனை நாள் தப்பாகவே எழுதியிருக்கிறேன். நன்றி.

இதை வேறு யாராவது உங்களிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஆயர் என்னைக் கூப்பிட்டு, வருடக் கடைசி வரைக்கும் அட்டை இல்லாமல் என் சொந்த வார்த்தையில் பேசச் சொன்னார். "அண்ணி வந்தா அவங்களுக்குத்தானேங்க?" என்று கேட்டேன். "வரட்டும், பாப்போம்" என்றார். அந்தப் "பாப்போம்" எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நான் சரி என்று சொல்லிவிட்டேன் அண்ணி. ஆசையாக இருந்தது. இந்த நாற்பத்து நாலு வயதில் என்னை யாராவது ஒரு இடத்தில் நில் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

அதனால் ஒன்று கேட்கிறேன். அம்மாவின் வேதாகமத்தை எனக்கு அனுப்புங்கள்.

உங்கள் அட்டைகளில் அம்மாவின் பேச்சு இருக்கிறது. ஒன்பதாம் அட்டையில், மன்னிப்பு என்றால் மறந்துபோவது அல்ல, எல்லாம் ஞாபகம் இருக்கும்போதே சேர்ந்து சாப்பிட உட்காருவது என்று எழுதியிருக்கிறீர்களே. அது அம்மா அடுப்பங்கரையில் எனக்கும் அண்ணனுக்கும் சண்டை தீர்த்துவைக்கும்போது சொன்னது. வேதாகமத்தின் ஓரத்தில் அம்மா பென்சிலால் எழுதிவைத்ததை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். நான் குறை சொல்லவில்லை. எனக்கும் அது வேண்டும் என்கிறேன்.

சொல்லாமல் வைத்திருந்ததையும் சொல்லிவிடுகிறேன். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று மாதமும் தலை சீவிவிட்டது நான். கஞ்சி ஊட்டியது நான். ஆனால் தலையணைக்கு அடியிலிருந்து வேதாகமத்தை எடுத்து, கட்டிலோரம் உட்கார்ந்திருந்த என் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, உங்களிடம் கொடுத்தார். பதினோரு வருடம் ஆகிவிட்டது. அந்தக் கை இன்னும் என் தலைக்கு மேலேயே நீண்டுகொண்டிருக்கிறது. உங்கள்மேல் எனக்கு அன்பு இருக்கிறது அண்ணி. பொறாமையும் இருக்கிறது. எது மூத்தது என்று தெரியவில்லை.

பாப்பா


ஜூலை 9, செவ்வாய்

பாப்பாவுக்கு,

வேதாகமத்தைத் தர மாட்டேன். அது எனக்குக் கொடுத்தது.

சொந்த வார்த்தையில் பேசுகிறவளுக்கு என் அட்டை எதற்கு? டின்னைத் திருப்பி அனுப்பு.

உன் அண்ணன் நலம் விசாரித்தார்.

அண்ணி


ஜூலை 16, செவ்வாய்

அண்ணிக்கு,

டின்னை இன்று பார்சலில் போட்டுவிட்டேன். ஐம்பத்திரண்டும் இருக்கிறது, எண்ணிக்கொள்ளுங்கள்.

உங்களுக்குச் சந்தோஷம் தருகிற செய்தி ஒன்று. போன ஞாயிறு சொதப்பிவிட்டேன். எழுந்து நின்றேன், லென்ஸ், பிரேம், பவர் தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை. வாரா வாரம் ஒரே கடையைச் சுற்றிச் சுற்றி வந்தால் யார்தான் கேட்பார்கள்? ஆர்கன்காரரின் மனைவி குடையைத் தேடிக்கொண்டே "நல்லா இருந்துச்சு" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களிடம்தான் படித்தேன்.

தொண்டை வேறு காய்ந்துபோய்விட்டது. அந்தக் காலத்தில் அண்ணி பேசும்போது மட்டும் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்குமே, எனக்கு ஏன் கிடையாது என்று ஆலயப் பணியாளரிடமே போய்க் கேட்டேன். அதிலும் எனக்கு வயிற்றெரிச்சல்தான். "நான் யாருக்கும் தண்ணி வெச்சதில்லம்மா, இருபத்தஞ்சு வருஷமா" என்கிறார் அவர். நன்றாகப் பொய் சொல்கிறார்.

டின்னை மூடுமுன் எல்லா அட்டையையும் உட்கார்ந்து படித்தேன். முப்பத்தொன்றாம் அட்டை. எலியா தீர்க்கதரிசி செடியடியில் படுத்துக்கொண்டு, போதும் ஆண்டவரே என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறான். தூதன் வந்து அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை, புத்தி சொல்லவில்லை, தலைமாட்டில் அப்பத்தையும் ஒரு ஜாடித் தண்ணீரையும் வைத்துவிட்டு எழுந்து சாப்பிடு என்றான், அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு படித்து அழுதேன். எனக்கு அப்படி எழுத வராது. ஒரு காலத்திலும் வராது. அதுவும் அம்மாவின் ஓரக் குறிப்புதான் என்று தெரிந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

திருட்டுத்தனமாக அதை மட்டும் ஒரு நகல் எழுதி எடுத்துக்கொண்டேன். திட்டுவதானால் திட்டுங்கள்.

பாப்பா


ஆகஸ்ட் 1, வியாழன்

பாப்பாவுக்கு,

இந்தக் கடிதம் வேதாகமத்துக்குள் இருக்கிறது. ஆமாம், அனுப்பிவிட்டேன். ஏன் என்பதைக் கேள். நல்ல மனதோடு அனுப்பவில்லை.

அந்த வேதாகமத்தில் ஒரு பக்கத்துக்குக் கிளிப் போட்டிருந்தேன். அத்தை இறந்த வாரத்தில் நான் போட்டது, பதினோரு வருடமாக எடுக்கவில்லை. தாவீது யுத்தத்திலிருந்து திரும்பி வர, பெண்கள் ஆடிப் பாடி அவனைச் சவுல் ராஜாவைவிடப் பெரியவனாகப் புகழ, அன்று முதல் சவுல் பொறாமையில் அவனைக் காய்மகாரமாகப் பார்க்க ஆரம்பிக்கிறானே, அந்தப் பக்கம். அதன் ஓரத்தில், அத்தைக்குப் பதிலாக நான் முதன்முதலில் பேசிய ஞாயிற்றுக்கிழமையின் தேதி. உனக்கு ஞாபகம் இருக்கும், அத்தைக்குத் தொண்டை கெட்டுப்போனதால் அப்போதிருந்த ஆயர் அந்த இரண்டு நிமிடத்தை என்னிடம் கொடுத்தார். தேதிக்குக் கீழே அத்தை எழுதியிருக்கிறார்: "இன்று மருமகள் பேசினாள். எல்லாரும் புகழ்கிறார்கள். என் இடத்தில் நிற்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை."

அடக்கம் முடிந்து வந்து இதைப் படித்தேன். எட்டு வருடம் ஒரே வீட்டில், ஒரே பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்டவர். இதை நான் படிக்க வேண்டும் என்றுதான் என் கையில் கொடுத்தாரா? கிளிப்பைப் போட்டு மூடினேன். அதற்கப்புறம்தான் பாப்பா, மூச்சு விடுகிற இடத்தைக்கூட அட்டையில் எழுத ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்ற எனக்குச் சிவப்பு மை தேவைப்பட்டதில்லை. பேச நின்றால், முன் வரிசையில் அத்தையின் காலி நாற்காலியிலிருந்து ஒருவர் என்னைப் பொறுக்க முடியாமல் பார்க்கிற மாதிரி இருக்கும்.

உனக்கு அனுப்ப முடியாது என்று சொன்னதற்குக் காரணம் அந்தப் பக்கம்தான். அத்தை உனக்கு எழுதிவைத்த ஆயிரம் நல்ல வார்த்தைக்கு நடுவில், எனக்கு எழுதிவைத்தது இது ஒன்று. அதை உன் கண்ணில் படவிட எனக்கு மனம் இல்லை.

டின் வந்தது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழிரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அழித்துவிட்டு அனுப்பிவிடலாம், யாருக்கும் தெரியாது என்று பார்த்தேன். மாமியாரின் எழுத்தை, வேதாகமத்தில், அழிரப்பரால். நான் எந்த அளவுக்கு இறங்கிவிட்டேன் என்று நீயே பார்த்துக்கொள். "பொறுக்கவில்லை" என்பதைத் தேய்த்தேன். தாள் மெல்லியது, சுருண்டு மடங்கிக்கொண்டது. பின்பக்கத்திலும் பென்சில்.

கிளிப்பை எடுத்துப் பக்கத்தைத் திருப்பினேன். இருபது வருடம் அடுத்தவர் எழுதியதை எழுத்தெழுத்தாகப் படித்துச் சம்பளம் வாங்கியவள், வீட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. நான் சொல்ல மாட்டேன். நீயே படி. தேய்ந்த இடத்தை மன்னித்துக்கொள்.

பணியாளர் பொய் சொல்லவில்லை. அத்தை போன பிறகு டம்ளரைக் காணோம் என்று, அவர்மேல் ஆயரிடம் புகார் சொன்னவள் நான். அவரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள்.

அண்ணி


ஆகஸ்ட் 7, புதன்

அன்புள்ள அண்ணிக்கு,

திங்கட்கிழமை பார்சல் வந்தது. கடையில் வைத்தே பிரித்தேன். இந்த முறை கண்ணாடி போட்டிருந்தேன்.

பின்பக்கத்தில் அம்மா எழுதியிருப்பதை இங்கே எழுதுகிறேன். என் கையால் ஒரு தடவை எழுத வேண்டும் போலிருக்கிறது. "இன்றும் நன்றாகப் பேசினாள். இன்றும் பொறுக்கவில்லை. பாதியில் அவளுக்குத் தொண்டை காய்ந்தது. அடுத்த வாரம் தண்ணீர் கொண்டுபோய் வைக்க வேண்டும்." அதற்குக் கீழே தேதிகள், வெறும் தேதிகள். ஓரம் தீரும்வரை எழுதியிருக்கிறார். எல்லாம் ஞாயிறு.

பணியாளரிடம் கேட்டேன். "உங்கம்மாதான் எல்லாருக்கும் முன்னாடியே வந்து வெச்சுட்டுப் போவாங்க. யாருகிட்டயும் சொல்லாதன்னாங்க" என்றார். உங்கள் மன்னிப்பையும் சொன்னேன். புகார் சொன்னது நீங்கள் என்று அவருக்கு அப்போதே தெரியுமாம்.

அண்ணி, எட்டு வருடமும் அம்மாவுக்குப் பொறாமை தீர்ந்துவிட்டது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. நான் எல்லா ஓரமும் தேடிவிட்டேன். தீரவில்லை போலிருக்கிறது. தீராமலேயே தண்ணீர் வைத்திருக்கிறார். எனக்கு வேதாகமம் கொடுக்காததற்கும் இப்போதுதான் காரணம் பிடிபடுகிறது. என்மேல் அவருக்குத் தீர்க்க வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

எலியா படுத்திருக்கிற பக்கத்தையும் பார்த்தேன். அங்கே அம்மா எதுவும் எழுதவில்லை, வெள்ளை ஓரம். அந்த ஜாடித் தண்ணீர் முழுக்க உங்களுடையது. ஆறுதல் கிடைக்கவில்லை. வயிறு நன்றாகவே எரிகிறது.

பார்சல் வருவதற்கு முந்தின நாள் ஞாயிறுதான் முப்பத்தொன்றாம் ஞாயிறு. நகலைப் படித்தேன். "இது எங்க அண்ணி எழுதினது. இதுல சிவப்பு மையே கெடையாது" என்று சொல்லிவிட்டுப் படித்தேன். நான் எங்கும் நிறுத்தத் திட்டமிடவில்லை, ஜாடி வந்த இடத்தில் தானாக நின்றுவிட்டது. ஒருவரும் எண்ணவில்லை. ஆர்கன்காரரின் மனைவி குடையை மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

பதினெட்டாம் தேதி அம்மாவின் அந்த இரண்டு பக்கத்தைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறேன். அம்மாவைப் பற்றிப் பேசினால் உங்களைப் பற்றியும் பேச வேண்டிவரும். கிளிப், அழிரப்பர் எல்லாம். போன தடவை கேட்காமல் உளறினேன், இந்தத் தடவை கேட்கிறேன். சொல்லலாமா? வேண்டாம் என்றால் வேறு வசனம் எடுத்துக்கொள்வேன், வருத்தப்பட மாட்டேன்.

பாப்பா


ஆகஸ்ட் 13, செவ்வாய்

பாப்பாவுக்கு,

நான்கு பிழைதான் இந்தத் தடவை. திருத்தவில்லை.

சொல். அழிரப்பரையும் சேர்த்துச் சொல். அத்தையின் பொறாமையை ஊருக்குச் சொல்லிவிட்டு என்னுடையதை மறைத்தால் நியாயம் இல்லை. உன்னுடையதை விட்டுவிடாதே. மூன்று பேருக்கும் இரண்டு நிமிடம் போதும், இழுக்காதே.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். உன் அண்ணனுக்கு லீவு இல்லை, தனியாகத்தான் வருகிறேன். ஆயரிடம் எதுவும் பேச வேண்டாம், நான் இடம் கேட்டு வரவில்லை. முன் வரிசையில், அத்தை உட்காரும் நாற்காலியில் உட்காருவேன். நீ நன்றாகப் பேசுவாய். எனக்குப் பொறுக்காது. இப்போதே சொல்லிவைக்கிறேன், என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே.

நம் வீட்டுச் சமையலறை அலமாரியில் மேல் தட்டில், பின்னால், விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருக்கும். எடுத்துத் தேய்த்து வை. தண்ணீர் நான் வைக்கிறேன்.

அண்ணி